கேளுங்க டீச்சர்: பலாப்பழத்த தட்டிப் பாக்குற மாதிரி சூரியனையும் தட்டிப் பாக்கலாமா?

இந்த மாசம் வந்த கடிதத்துல பாதிக்கு மேல சூரியனப் பத்திதான். போன இதழ்ல கொடைக்கானல் ஆப்சர்வேட்டரி பத்தி நாலு வரி எழுதியிருந்தேன், அதுக்கே இவ்ளோ பேர் எழுதியிருக்கீங்க. மலையில முப்பது வருஷம் பிசிக்ஸ் எடுத்தவளுக்கு இத விட என்ன வேணும். எல்லாத்துக்கும் இடம் இல்ல, ஒரே மாதிரி கேட்டவங்களுக்கு ஒரே பதிலா சேத்துட்டேன்.

டீச்சர், எம்பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா. சூரியனோட நடுவுல ஒன்றரைக் கோடி டிகிரி சூடுன்னு புக்ல போட்டிருக்கு. "யாரும்மா உள்ள போய் தெர்மாமீட்டர் வச்சுப் பாத்தாங்க?"ன்னு கேக்குறா. பூண்டு உரிச்சுக்கிட்டே ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசினோம், ஒண்ணும் பிடிபடல. (ஒரு வாசகி, பூம்பாறை)

அம்மா, உங்க பொண்ணுக்கு முதல்ல என் சார்பா ஒரு முத்தம் குடுங்க. புக்ல போட்டிருக்குன்னு மனப்பாடம் பண்ணாம யார் பாத்தான்னு கேட்டிருக்கா பாருங்க, அதுதான் சயின்ஸ்.

யாரும் உள்ள போகல, போகவும் முடியாது. எவ்ளோ பெரிய டெலஸ்கோப் வச்சாலும் உள்ள பாக்கவும் முடியாது. கோக்கர்ஸ் வாக்ல மஞ்சு இறங்குற நேரத்துல நின்னிருப்பீங்கல்ல, பக்கத்துல இருக்கிற கம்பி தெரியும், நாலு எட்டு தள்ளி இருக்கிற ஆள் மங்கலா தெரிவாரு, அதுக்கு அப்புறம் வெள்ளையா ஒரு சுவர் நிக்கும். கிட்ட நடந்து போனா அங்க சுவர் எதுவும் இருக்காது, அது இன்னும் தள்ளிப் போய் நிக்கும். சூரியனோட மேற்பரப்புன்னு நாம சொல்றதும் அந்த மாதிரிதான். அங்க தரை கிடையாது, நம்ம பார்வை அதுக்கு மேல உள்ள நுழைய முடியாத இடம், அவ்ளோதான். மையத்துல இருந்து அந்த இடம் வரைக்கும் 6,96,000 கிலோமீட்டர், அதுல நம்ம கண்ணுக்குத் தெரியுறது மேல இருக்கிற சில நூறு கிலோமீட்டர் மட்டும்தான்.

நடுவுல பிறக்கிற வெளிச்சம் நேரா வெளிய வர முடியாது. ஒரு துகள் மேல மோதி திரும்பி, இன்னொண்ணு மேல மோதி திரும்பி, திருவிழாக் கூட்டத்துல மாட்டின சின்னப் பிள்ளை மாதிரி அலைஞ்சு அலைஞ்சு மேல வர்றதுக்கு பத்தாயிரக்கணக்குல இருந்து லட்சத்துக்கும் மேல வருஷம் ஆகும்னு கணக்குப் போட்டிருக்காங்க. வெளிய வந்த பிறகு நம்மகிட்ட வர எட்டே கால் நிமிஷம்தான். அத்தனை தடவை மோதி மாறி வர்றதால நடுவுல என்ன நடந்துச்சுங்கிற சேதி அந்த வெளிச்சத்துல மிஞ்சுறதில்ல.

வெளிச்சம் கைவிட்டா வேற என்ன வழின்னா, சத்தம்.

பண்ணைக்காடு பக்கம் ரோட்டோரத்துல பலாப்பழம் வாங்கும்போது என்ன பண்ணுவோம்? வெட்டிப் பாக்க விட மாட்டாங்க, விரலை மடக்கி தட்டிப் பாப்போம். காயா இருந்தா ஒரு சத்தம், பழுத்திருந்தா "தொம்"னு வேற சத்தம். எங்க அம்மா தட்டிட்டு காதை ஒட்ட வச்சு கேட்டுட்டு, இது நாளைக்கு, இது ரெண்டு நாள் ஆகும்னு பிரிச்சு வப்பாங்க, ஒரு தடவையும் தப்பினது கிடையாது. உள்ள இருக்கிற பொருள் மாறினா அதுக்குள்ள போற அதிர்வு மாறுது, அதிர்வு மாறினா சத்தம் மாறுது. சூரியன் விஷயத்துலயும் இதுதான். அத தட்டுறதுக்கு நாம போக வேண்டியதில்ல, அது தன்னையே தட்டிக்கிட்டு இருக்கு. மேல் பகுதி பூரா உலை கொதிக்கிற மாதிரி எந்நேரமும் கொதிச்சுக்கிட்டு இருக்கு, ஒவ்வொரு கொப்புளமும் சுமார் ஆயிரம் கிலோமீட்டர் அகலம், எழும்பி வந்து பத்து நிமிஷம் போல இருந்துட்டு அடங்கிப் போகும். அந்தக் கொதிப்புல பிறக்கிற சத்தம் சூரியனுக்குள்ள எல்லாப் பக்கமும் ஓடுது.

இத முதல்ல கவனிச்சவர் ராபர்ட் லெய்ட்டன். கலிஃபோர்னியாவுல மவுண்ட் வில்சன் ஆப்சர்வேட்டரியில 1960 வாக்குல அவரும் அவர் கூட இருந்தவங்களும் சூரியனோட மேற்பரப்புல ஒவ்வொரு இடமும் சுமார் 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை மேலயும் கீழயும் போய் வர்றதப் பாத்தாங்க, நெஞ்சு ஏறி இறங்குற மாதிரி. அது ஏன்னு அப்போ தெரியல. 1970-ல ரோஜர் அல்ரிச், அடுத்த வருஷம் தனியா லெய்பேக்கர், ஸ்டெய்ன்னு ரெண்டு பேர், இது மேலாப்புல நடக்குற அலம்பல் இல்ல, உள்ள மாட்டிக்கிட்டு சுத்துற சத்த அலைன்னு சொன்னாங்க. 1975-ல ஜெர்மனியைச் சேர்ந்த டாய்ப்னர் அளந்து காட்டினதும் அவங்க கணக்குப் போட்ட மாதிரியே இருந்துச்சு. அப்படிப் பிறந்த படிப்புதான் ஹீலியோசீஸ்மாலஜி, சூரிய அதிர்வியல்னு தமிழ்ல சொல்லலாம். பூகம்ப அலைய வச்சு பூமிக்குள்ள என்ன இருக்குன்னு கண்டுபிடிச்சாங்கல்ல, அதோட தங்கச்சி.

சத்தம் ஏன் உள்ள மாட்டிக்குதுன்னும் சொல்லிடுறேன், எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது இந்த இடம்தான். குடியரசு தினத்துக்கு பிள்ளைங்கள வரிசையா நடக்க விடுவோம். திரும்புற இடத்துல வரிசையோட ஒரு முனையில இருக்கிற பிள்ளை வேகமா நடக்கும், இன்னொரு முனையில இருக்கிறது மெதுவா காலெடுத்து வைக்கும், வரிசை தானா வளைஞ்சு திரும்பிடும். சூரியனுக்குள்ள கீழ போகப் போக சூடு ஏறுது, சூடு ஏறினா சத்தம் வேகமாப் போகும். சாய்வா உள்ள இறங்குற அலையோட அடி முனை சூடான இடத்துல வேகமா ஓட, மேல் முனை பின்தங்க, அலை கொஞ்சம் கொஞ்சமா வளைஞ்சு மேல் பக்கமே திரும்பிடுது. மேல வந்தா அங்க வாயு சடார்னு மெலிஞ்சு போறதால வெளிய போக முடியாம மறுபடி உள்ள திருப்பி அடிக்கப்படுது. இப்படியே துள்ளித் துள்ளி சூரியனச் சுத்தி வருது.

எல்லா அலையும் ஒரே ஆழத்துக்குப் போறதில்ல. சிலது மேலாக்க போய்ட்டு திரும்பிடும், சிலது பாதி ஆழம், சிலது மையத்துக்கு ரொம்ப பக்கத்துல போய் வரும். லட்சக்கணக்குல இப்படி விதவிதமான அதிர்வு இருக்கு. மேலாக்க போய் வந்த அலையோட கணக்குல இருந்து மேல் அடுக்கு எப்படின்னு தெரியும், அதுக்கு அடுத்த அலைய எடுத்துக்கிட்டு தெரிஞ்ச பகுதிய கழிச்சா அடுத்த அடுக்கு. நீங்க உரிக்கிற பூண்டு மாதிரிதான், தோல் தோலா.

கடைசியா கிடைக்கிறது, எந்த ஆழத்துல சத்தம் என்ன வேகத்துல போகுதுங்கிற கணக்கு. மேல செகண்டுக்கு 7, 8 கிலோமீட்டர். நடுவுல செகண்டுக்கு சுமார் 500 கிலோமீட்டர், இங்கிருந்து சென்னைக்கு நைட் பஸ்ல விடிய விடிய போற தூரம் ஒரே செகண்டுல. அந்த வேகத்துல மையத்துல இருந்து மேல வர்றதுக்கு சத்தத்துக்கு ஒரு மணி நேரம்தான் ஆகுது. வெளிச்சம் லட்ச வருஷக் கணக்குல அலையுற அதே தூரத்த சத்தம் ஒரு மணி நேரத்துல கடந்துடுது, இத முதல்ல படிச்ச அன்னிக்கு எனக்கு ராத்திரி சாப்பாடு இறங்கல.

இப்போ உங்க பொண்ணோட தெர்மாமீட்டருக்கு வரேன். ஒன்றரைக் கோடி டிகிரிங்கிறது முதல்ல பேப்பர்ல போட்ட கணக்கு. சூரியனோட எடை தெரியும், அந்த எடை பூரா உள்நோக்கி அழுத்துது, நசுங்காம தாங்கி நிக்கணும்னா உள்ள எவ்ளோ சூடு இருக்கணும்னு கணக்குப் போடலாம், 1920-கள்லயே எடிங்டன்கிற விஞ்ஞானி இந்த வழியில போயிட்டாரு. அந்தக் கணக்குல இருந்து சத்தம் எவ்ளோ வேகத்துல போகணும்னும் சொல்லிடலாம். அப்புறம் நிஜமாவே அளந்து பாத்தா, கணக்குக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் நூத்துல ஒரு பங்கு கூட இல்ல. சத்தத்தோட வேகம் சூட்ட மட்டும் பொறுத்தது இல்ல, அங்க ஹைட்ரஜன் எவ்ளோ ஹீலியம் எவ்ளோங்கிறதயும் பொறுத்தது, அதனால ரெண்டையும் சேத்துதான் கணக்குப் பண்ணணும். உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க, தெர்மாமீட்டர் வைக்கல, காதை வச்சுப் பாத்தாங்கன்னு.

வணக்கம் டீச்சர். விண்வெளியில காத்து இல்ல, சத்தம் போகாதுன்னு எங்க சார் சொன்னாரு. அப்புறம் எப்படி சூரியனோட சத்தம் இங்க கேக்குது? (10-ஆம் வகுப்பு மாணவன், மன்னவனூர்)

தம்பி, உங்க சார் சொன்னது சரிதான். சத்தம் இங்க வர்றதில்ல. சூரியனோட தோல் ஆடுறதத்தான் பாக்குறோம். கோயில்ல தவில் அடிக்கும்போது தூரத்துல நின்னு, காதை நல்லா பொத்திக்கிட்டு, தோல் மேல ஒரு அரிசிய போட்டு அது துள்றத பாத்தா அடி விழுறது தெரியும்ல, அந்த மாதிரி.

ஆனா அந்த ஆட்டம் ரொம்ப சின்னது. ஒரு அதிர்வ மட்டும் தனியா எடுத்தா செகண்டுக்கு 20 சென்டிமீட்டருக்கும் குறைவு, தவழுற குழந்தையோட வேகம். அத 15 கோடி கிலோமீட்டர் தள்ளி நின்னு அளக்குறாங்க. எப்படின்னா, நீ பஸ்ல வரும்போது கவனிச்சிருப்ப, எதிர்ல வர்ற லாரி ஹார்ன் அடிச்சுக்கிட்டே வந்தா கிட்ட வர்ற வரைக்கும் கீச்சுன்னு உச்சத்துல இருக்கும், நம்மள தாண்டின உடனே தணிஞ்சு கட்டையா மாறிடும். டாப்ளர் விளைவு. வெளிச்சத்துக்கும் அதே கதைதான். சூரிய வெளிச்சத்த ஏழு நிறமா பிரிச்சா நடுநடுவுல மெல்லிசா கறுப்புக் கோடு நிறைய தெரியும். வெளிச்சம் வர்ற இடம் நம்மள நோக்கி வந்தா அந்தக் கோடு நீலப் பக்கம் நகரும், விலகிப் போனா சிவப்புப் பக்கம் நகரும். தலைமுடியில ஆயிரத்துல ஒரு பங்கு நகர்ந்தாலும் கண்டுபிடிக்கிற கருவி இருக்கு, நிமிஷத்துக்கு நிமிஷம் படம் எடுத்து அத வச்சு கணக்கு.

நம்ம காதுக்கு குறைஞ்சது செகண்டுக்கு 20 அதிர்வு வேணும். சூரியனோடது 5 நிமிஷத்துக்கு ஒண்ணு. அதனால கூட நின்னாலும் நமக்கு கேக்காது, பல ஆயிரம் மடங்கு வேகப்படுத்திக் கேட்டா "ம்ம்ம்"னு ஒரு ரீங்காரம் வரும்.

சாயங்காலம் ஆனா சூரியன் மறையுது, இங்க பாதி நாள் மஞ்சு வேற. விடாம எப்படிப் பாக்குறாங்க? (ஒரு வாசகர், பெருமாள்மலை)

அண்ணே, நல்ல இடத்துல கைய வச்சீங்க. மலை ரோட்டுல பஸ்ல பாட்டு கேட்டுக்கிட்டு வர்றப்போ ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுலயும் சிக்னல் விட்டு விட்டு வந்தா ராகம் பிடிபடுமா? அதே பிரச்சினைதான். ராத்திரி ராத்திரி விட்டுப் போனா, நிஜமான அதிர்வோட சேந்து பொய்யான அதிர்வும் கணக்குல வந்து நிக்கும், எது எதுன்னு பிரிக்க முடியாது.

முதல்ல தென் துருவத்துக்குப் போனாங்க. அங்க டிசம்பர், ஜனவரியில சூரியன் மறையுறதே கிடையாது. 1979 கடைசியில, 1980 தொடக்கத்துல ஒரு குழு அங்க அந்தக் குளிர்ல நின்னு தொடர்ந்து 5 நாள் சூரியன அளந்துச்சு. அப்புறம் உலகத்தச் சுத்தி ஆறு இடத்துல ஒரே மாதிரி கருவி வச்சாங்க: கலிஃபோர்னியா, ஹவாய், சிலி, கேனரி தீவு, ஆஸ்திரேலியா, அப்புறம் நம்ம நாட்டுல உதய்பூர். உதய்பூர்ல ஃபதே சாகர் ஏரிக்கு நடுவுல இருக்கு அந்த ஆப்சர்வேட்டரி, சுத்தி தண்ணி இருந்தா தரை சூடேறி காத்து அலையடிக்காது, சூரியன் பிம்பம் நடுங்காம தெரியும். கோங்னு பேரு இந்த ஆறுக்கும் சேத்து, 1995-ல முழுசா வேலை ஆரம்பிச்சுது. ஒரு இடத்துல அஸ்தமனம் ஆனா இன்னொரு இடத்துல விடிஞ்சிருக்கும்.

அதே 1995 டிசம்பர்ல சோஹோங்கிற விண்கலத்த அனுப்பி, அடுத்த வருஷத் தொடக்கத்துல பூமியில இருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி கொண்டு போய் நிறுத்தினாங்க, அங்க ராத்திரியும் இல்ல மஞ்சும் இல்ல. 2010-ல எஸ்டிஓன்னு இன்னொரு விண்கலம் போச்சு, அது முக்கால் நிமிஷத்துக்கு ஒரு தடவை முழு சூரியனையும் அளக்குது.

அம்மா, நான் காப்பித் தோட்டம் வச்சிருக்கேன், வயசு 70 ஆச்சு. சின்ன வயசுல எங்க அப்பா கொடைக்கானல் வானாய்வுக்கூடத்துக்கு கூட்டிட்டுப் போயிருக்காரு. சூரியனோட உள்ளே என்ன இருக்குன்னு கண்டுபிடிச்சதுல நம்ம மலைக்கு ஏதாச்சும் பங்கு உண்டா? (ஒரு வாசகர், தாண்டிக்குடி)

ஐயா, உண்மையச் சொல்லணும்னா அந்த 5 நிமிஷ அதிர்வ இங்க கண்டுபிடிக்கல. ஆனா அத கண்டுபிடிச்ச அதே வழிய, கறுப்புக் கோடு நகர்றத வச்சு சூரியன் மேல என்ன ஓடுதுன்னு கண்டுபிடிக்கிற வழிய, ஐம்பது வருஷத்துக்கு முன்னாடியே இங்க செஞ்சு காட்டினாங்க. 1909 ஜனவரி 5. ஜான் எவர்ஷெட் நம்ம கொடைக்கானல்ல ஒரு பெரிய சூரியக் கரும்புள்ளியப் பாத்துக்கிட்டு இருந்தாரு. கரும்புள்ளிக்கு நடுவுல கருப்பு, சுத்தி கொஞ்சம் வெளுத்த விளிம்பு இருக்கும். அந்த விளிம்புல கோடு ஒரு பக்கம் நீலத்துக்கும் மறுபக்கம் சிவப்புக்கும் சாஞ்சு இருந்துச்சு. புள்ளியோட நடுவுல இருந்து வாயு நாலாபக்கமும் வெளிய ஓடுதுன்னு அதுல இருந்து தெரிஞ்சுது. இன்னிக்கும் உலகம் பூரா அதுக்குப் பேரு எவர்ஷெட் விளைவு.

ஆப்சர்வேட்டரி இங்க வந்ததே ஒரு பஞ்சத்தால. 1876-78 பஞ்சம் எத்தனை உயிரக் கொண்டு போச்சுன்னு நம்ம பெரியவங்க வழியா கேட்டிருப்பீங்க. மழை ஏன் பொய்க்குது, சூரியனுக்கும் மழைக்கும் சம்பந்தம் உண்டாங்கிற கேள்வி அப்போ எழுந்துச்சு, அதுக்காக சூரியனத் தொடர்ந்து பாக்க ஒரு இடம் வேணும்னு பழனி மலை, நீலகிரி ரெண்டையும் வானியலாளர் மிச்சி ஸ்மித் ஆராய்ஞ்சு பாத்து கடைசியில கொடைக்கானல தேர்ந்தெடுத்தாரு. 1899-ல மெட்ராஸ்ல இருந்து இங்க மாத்தினாங்க. அப்போ மேல வர கார் ரோடே கிடையாது.

1904-ல இருந்து இங்க சூரியன படம் எடுத்துக்கிட்டு வர்றாங்க. வானம் வெளுத்த நாள்ல எல்லாம், கண்ணாடித் தட்டுலயும் ஃபிலிம்லயும், ரெண்டு உலகப் போர் நடந்தப்பவும். கரும்புள்ளி கூடிக் குறையுறதுக்கு சுமார் 11 வருஷம் ஆகும், இங்க இருக்கிற படத்துல அந்த மாதிரி பத்து சுற்று இருக்கு. இப்போ அது எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டாங்க. சூரியனுக்குள்ள காந்தம் எப்படி உருவாகுதுன்னு மாடல் போடுறவங்க, அது நூறு வருஷத்துக்கு முன்னாடி நடந்ததோட ஒத்துப் போகுதான்னு பாக்கணும்னா இந்த மாதிரி படம்தான் வேணும். சாட்டிலைட் எவ்ளோ நல்லா படம் எடுத்தாலும் 1910-க்குத் திரும்பிப் போய் எடுக்க முடியாதுல்ல.

நான் பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு ஒரு தடவை அங்க போனேன். 1960 வாக்குல வச்ச டனல் டெலஸ்கோப்னு ஒண்ணு இருக்கு. கோபுரத்து உச்சியில கண்ணாடி சூரியனோட கூடவே திரும்பி வெளிச்சத்தக் கீழ இறக்கி 60 மீட்டர் நீள சுரங்கத்துக்குள்ள அனுப்புது. உள்ள ஒரே இருட்டு, ஜில்லுன்னு, பிள்ளைங்க எல்லாம் என் சேலையப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. வெள்ளைப் பலகையில சூரியன் வந்து விழுது, 34 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு தாம்பாளம். அதுல இடது பக்கமா ரெண்டு புள்ளி. விளிம்பு தண்ணி அலை மாதிரி நடுங்கிக்கிட்டே இருந்துச்சு. "டீச்சர் அதுதான் அதிர்வா?"ன்னு ஒரு பையன் கேட்டான், அது நம்ம காத்து பண்ற வேலை, சூரியனோட அதிர்வு இப்படிக் கண்ணுக்குத் தெரியாதுன்னு சொன்னேன். அந்த அளவுல பூமி எவ்ளோ பெருசு இருக்கும்னு கணக்குப் போடச் சொன்னேன், 3 மில்லிமீட்டர் வந்துச்சு. ஒரு பொண்ணு தரையில எதையோ தேடி சின்னதா ஒரு கல்ல எடுத்து அந்தப் புள்ளிக்குப் பக்கத்துல பிடிச்சா. கொத்தமல்லி விதை அளவு கல்லு. புள்ளி அத விடப் பெருசு. யாரும் பேசல கொஞ்ச நேரம்.

உள்ள பாத்துப் பாத்து என்னதான் கண்டுபிடிச்சாங்க? (மூணு பேர் இதையே கேட்டிருக்கீங்க: பள்ளங்கி, வில்பட்டி, வத்தலகுண்டு)

நடுவுல அடுப்பு, மையத்துல இருந்து கால் பங்கு தூரம் வரைக்கும். ஹைட்ரஜன் சேந்து ஹீலியம் ஆகுறது அங்கதான், அப்படி ஆகும்போது செகண்டுக்கு 40 லட்சம் டன் பொருள் சக்தியா மாறிப் போகுது. அதுக்கு மேல வெளிச்சம் முட்டி மோதி மேல ஏறுற பகுதி. அதுக்கும் மேல உலை மாதிரி கொதிக்கிற பகுதி. கொதிக்கிறது சரியா எந்த ஆழத்துல ஆரம்பிக்குதுன்னு சத்தத்த வச்சு அளந்தாங்க, மையத்துல இருந்து ஆரத்துல 0.713 பங்கு. நம்ம நாட்டு விஞ்ஞானிங்க சர்பானி பாசு, ஆன்டியா ரெண்டு பேரும் அத ஆயிரத்துல ஒரு பங்கு துல்லியத்துக்கு சொன்னவங்க. அதாவது கொதிக்கிற பகுதியோட ஆழம் 2 லட்சம் கிலோமீட்டர்.

ஹீலியம் பத்தி ஒரு சமாச்சாரம். பேரே ஹீலியோஸ்ங்கிற கிரேக்க சூரியனோட பேரு, 1868-ல சூரியனோட மேற்பரப்புக்கு மேல இருக்கிற வாயுவோட வெளிச்சத்துல மஞ்சள் கோடா தெரிஞ்சு, பூமியில கையில கிடைச்சது 1895-ல. ஆனா சூரியனோட மேற்பரப்புல ஹீலியம் எவ்ளோன்னு வெளிச்சத்த வச்சு நேரா அளக்க முடியல, அந்தச் சூட்டுல அது கோடு காட்டாது. சத்தம்தான் சொல்லிச்சு, மேல் பகுதியில எடைக்கு எடை கால் பங்கு ஹீலியம்னு.

ரொம்ப ஆச்சரியப்படுத்தினது சுழற்சி. சூரியன் கெட்டிப் பொருள் இல்ல, நடு இடுப்புல 25 நாளுக்கு ஒரு சுத்து, துருவத்துப் பக்கம் 35 நாள் போல ஆகும், இது கரும்புள்ளி நகர்றதயும் கறுப்புக் கோடு நகர்றதயும் வச்சு முன்னாடியே தெரியும். உள்ள எப்படிங்கிறதுதான் கேள்வி. சூரியன் சுத்துற திசையில போற அலை கொஞ்சம் சீக்கிரம் வரும், எதிர்த்துப் போறது கொஞ்சம் லேட்டா வரும், ஆத்துல தண்ணி போற பக்கம் நீந்துறதுக்கும் எதிர்நீச்சலுக்கும் இருக்கிற வித்தியாசம்தான். அத வச்சு அளந்தா, கொதிக்கிற 2 லட்சம் கிலோமீட்டர் ஆழம் வரைக்கும் இடுப்பு வேகமா, துருவம் மெதுவா அப்படியே போகுது. அதுக்குக் கீழ போன உடனே எல்லாம் ஒண்ணா, கெட்டிப் பந்து மாதிரி சுத்துது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு மெல்லிய அடுக்கு, டாக்கோக்ளைன்னு பேரு. ஆட்டுக்கல்லுல குழவியும் கல்லும் உரசுற இடம் மாதிரி நினைச்சுக்கோங்க. கரும்புள்ளிக்கு மூலமான காந்தம் அங்கதான் முறுக்கேறுதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, இன்னும் முடிவு ஆகல.

முடிவாகாத இன்னொண்ணும் இருக்கு. ஆக்சிஜன், கார்பன் மாதிரி கனமான தனிமங்கள் எவ்ளோன்னு வெளிச்சத்த வச்சு 2000-க்கு அப்புறம் புதுசா அளந்தப்போ முன்னாடி நினைச்சத விட குறைவா வந்துச்சு, அத வச்சு மாடல் போட்டா சத்தக் கணக்கோட ஒட்டல. கண் ஒண்ணு சொல்லுது, காது ஒண்ணு சொல்லுது. இருபது வருஷமா சண்டை. இப்போ பிளஸ் டூ படிக்கிற ஒரு பிள்ளை நாளைக்கு இதத் தீர்த்து வச்சா எனக்கு ஆச்சரியமே இருக்காது.

நம்ம வாழ்க்கைக்கு என்ன பிரயோஜனம்னு வத்தலகுண்டு வாசகர் கேட்டிருக்காரு. சூரியனோட பின்பக்கம் பெரிய கரும்புள்ளி உருவானா, உள்ள போய் வர்ற சத்தம் அந்த இடத்துல கொஞ்சம் முந்தி வந்துடும், அத வச்சு முன்பக்கம் இருந்தே கண்டுபிடிக்கலாம்னு 2000-ல செஞ்சு காட்டிட்டாங்க. அந்தப் புள்ளி சுத்தி நம்ம பக்கம் வர்றதுக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னாடியே தெரிஞ்சா சாட்டிலைட்டையும் கரண்ட் லைனையும் பாத்துக்கிறவங்க உஷாரா இருக்கலாம்.

வெளிச்சம் வர லட்சம் வருஷம் ஆகும்னா, சூரியனோட நடுவுல அடுப்பு நேத்தே அணைஞ்சிருந்தா நமக்குத் தெரியவே தெரியாதா? பயமா இருக்கு டீச்சர். (கல்லூரி மாணவி, கொடைக்கானல்)

பயப்படாத கண்ணு, தெரிஞ்சுடும். அந்த அடுப்புல வெளிச்சத்தோட சேந்து நியூட்ரினோன்னு ஒரு துகள் பிறக்குது. அது கிட்டத்தட்ட எதோடயும் மோதாது, ரெண்டு செகண்டு சொச்சத்துல சூரியன விட்டு வெளிய வந்துடும், எட்டே கால் நிமிஷத்துல இங்க. உன் கட்டை விரல் நகத்துல செகண்டுக்கு 6,500 கோடி நியூட்ரினோ நுழைஞ்சு போய்க்கிட்டு இருக்கு, ராத்திரியிலயும்தான், பூமிய ஊடுருவி கீழ இருந்து வரும்.

ரேமண்ட் டேவிஸ்னு ஒருத்தர் அமெரிக்காவுல ஒரு தங்கச் சுரங்கத்துல ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்துல, துணி வெளுக்கிற ட்ரை கிளீனிங் திரவம் 600 டன்னுக்கு மேல ஒரு தொட்டியில ஊத்தி வச்சு நியூட்ரினோவப் பிடிச்சாரு. 1968-ல இருந்து பிடிச்சாரு பிடிச்சாரு, கணக்குப்படி வர வேண்டியதுல மூணுல ஒரு பங்குதான் வந்துச்சு. சூரியன் மாடல் தப்பு, நடுவுல அவ்ளோ சூடு இல்லன்னு நிறைய பேர் சொன்னாங்க. அப்போ சத்தக் கணக்கு வந்து சாட்சி சொல்லிச்சு, சூரியன் சரியாத்தான் இருக்கு, குத்தம் வேற எங்கயோன்னு. கடைசியில 2001, 2002-ல கனடாவுல சட்பரி சுரங்கத்துல பண்ண சோதனையில தெரிஞ்சுது, நியூட்ரினோ வர்ற வழியில ஒரு வகையில இருந்து இன்னொரு வகையா மாறிடுது, டேவிஸோட தொட்டி ஒரு வகைய மட்டும்தான் பிடிக்கும். எல்லா வகையையும் சேத்து எண்ணினா கணக்கு டாண்ணு நின்னுச்சு. டேவிஸுக்கு 2002-ல நோபல் குடுத்தாங்க, அப்போ அவருக்கு வயசு 88.

ஜப்பான்ல பூமிக்கு அடியில 50,000 டன் தண்ணித் தொட்டி வச்சு நியூட்ரினோவாலயே சூரியனப் படம் எடுத்திருக்காங்க. மங்கலா ஒரு உருண்டைதான் தெரியும். ஆனா அது எட்டு நிமிஷத்துக்கு முந்தின அடுப்போட படம். அடுப்பு எரியுது கண்ணு.

ஆதித்யா எல்-1 சூரியனுக்குள்ள பாக்குதா? (ஒரு வாசகர், பண்ணைக்காடு)

இஸ்ரோ அனுப்பின அந்த விண்கலம் முக்கியமா வெளிப்பக்கம் பாக்கத்தான் போயிருக்கு, கொரோனாங்கிற வெளி வளிமண்டலம், அங்கிருந்து கிளம்புற சூரியக் காத்து, அப்புறம் வெடிப்பு. 2023 செப்டம்பர் 2-ல கிளம்பி 2024 ஜனவரி 6-ல சோஹோ இருக்கிற அதே பகுதிக்குப் போய்ச் சேந்துச்சு. அதுல இருக்கிற பெரிய கருவிய செஞ்சது பெங்களூர் இந்திய வானியற்பியல் நிறுவனம், நம்ம கொடைக்கானல் ஆப்சர்வேட்டரிய நடத்துறதும் அவங்கதான்.

டீச்சர், வீட்ல இருந்தே சூரியனப் பாக்க வழி இருக்கா? டெலஸ்கோப் வாங்க காசு இல்ல. (7-ஆம் வகுப்பு மாணவி, கூக்கால்)

இருக்குடா தங்கம். நேரா மட்டும் பாக்கவே பாக்காத, கண்ணாடி போட்டுக்கிட்டாலும், புகை பிடிச்ச கண்ணாடி, எக்ஸ்ரே ஃபிலிம் வச்சாலும் வேண்டாம், கண்ணு ஒரு தடவை போனா திரும்ப வராது. பைனாகுலர் பக்கமே போகாத. ஒரு அட்டையில ஊசியால சின்ன ஓட்டை போட்டு, சூரியனுக்கு முதுகு காட்டி நின்னுக்கிட்டு, அட்டையத் தோளுக்கு மேல பிடி, வெளிச்சம் எதிர்ல வெள்ளைப் பேப்பர்ல விழட்டும். அட்டைக்கும் பேப்பருக்கும் ஒரு மீட்டர் தூரம் இருந்தா 9 மில்லிமீட்டர்ல குட்டி சூரியன் வரும். நீ ஓட்டைய சதுரமா போட்டாலும் அது வட்டமாத்தான் விழும், ஏன்னா அது ஓட்டையோட நிழல் இல்ல, சூரியனோட படம். வீட்டு ஜன்னல அடைச்சுட்டு நாலஞ்சு மீட்டர் தள்ளி விழ வச்சா இன்னும் பெருசா வரும், ரொம்பப் பெரிய கரும்புள்ளி இருக்கிற நாள்ல அது கூட மங்கலாத் தெரிய வாய்ப்பு இருக்கு.

ஓட்டை போட அட்டை கூட வேண்டாம். வெயில் அடிக்கிற நாள்ல மரத்தடியில இலைக்கு நடுவுல புகுந்து தரையில விழுற வெளிச்சத்தப் பாரு, வட்ட வட்டமா இருக்கும், ஒவ்வொண்ணும் ஒரு சூரியன். 2019 டிசம்பர் 26 கங்கண கிரகணத்தன்னிக்கு நான் திண்டுக்கல்ல எங்க அண்ணன் வீட்ல இருந்தேன். வாசல்ல வேப்பமரம். கிரகணம் உச்சத்துக்கு வந்தப்போ தரை பூரா மோதிரம் மோதிரமா விழுந்து கிடந்துச்சு, அண்ணி காலையில போட்ட கோலத்து மேலயும்.

நீ நாளைக்குக் காலையில அட்டைய எடுத்துக்கிட்டு வெளிய போ. விழுற வட்டத்த பென்சில்ல வரைஞ்சு, தேதியும் நேரமும் எழுதி எனக்கு அனுப்பு.